முகமும் முகவரியும்

அண்ணா சாலையில் போகும் பேருந்தில் நடத்துநர் "எல்.ஐ.சி., எல்.ஐ.சி. எறங்கு" என்று குரல் கொடுக்கும்போது பயணிகள் யாருக்கும் ஆயுள் காப்பீடு நினைவுக்கு வருவதில்லை. பாலிசி எடுத்தவர், எடுக்காதவர் எல்லோருக்கும் அது ஓர் இடத்தின் பெயர். இப்போது மெட்ரோ ரயில் நிலையத்துக்கும் அதே பெயர்தான். முதன்முதலாக என்னைச் சென்னைக்குக் கூட்டி வந்தபோது அப்பா அந்த நிறுத்தத்தில் பேருந்து நின்ற சிறிது நேரத்துக்குள் "எத்தனை மாடின்னு எண்ணு பாப்போம்" என்றார். கழுத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஒன்பது வரை எண்ணினேன். அதற்குள் பேருந்து நகர்ந்துவிட்டது. ஊருக்குத் திரும்பியதும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்ட கேள்விகள் இரண்டே: கடல் பார்த்தியா? எல்.ஐ.சி. பார்த்தியா?

ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் அலுவலகம் எப்படி ஒரு மாநகரத்தின் முகமானது? அந்தக் கட்டடத்தின் கதையைப் பார்த்தால், அப்படி ஆக வேண்டும் என்று யாரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை. 1953இல் அதைத் தொடங்கியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், தம்முடைய யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துக்காக. வரைபடம் லண்டனைச் சேர்ந்த கட்டடக் கலைஞர்களுடையது. அடுத்த ஆண்டே சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் செட்டியார் இறந்துபோனார். 1956இல் ஆயுள் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையாக, பாதி எழும்பிய கட்டடம் அரசு நிறுவனத்தின் கைக்கு வந்தது. லண்டன்காரர்கள் விலகிக்கொள்ள, சென்னையில் தொழில் செய்த எல்.எம். சித்தலே வேலையை முடித்துக் கொடுத்தார். 1959 ஆகஸ்டில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தபோது அதன் உயரம் 177 அடி. அன்று நாட்டிலேயே மிக உயர்ந்த கட்டடம் என்று பேசப்பட்டது. கட்ட நினைத்தவர் உயிரோடு இல்லை. வரைந்தவர்கள் ஊரில் இல்லை. எந்த நிறுவனத்துக்காகத் தொடங்கினார்களோ அதுவும் இல்லை. தந்தை பெயர் தெரியாத பிள்ளையைத் தெருவே வளர்த்ததுபோல அந்தக் கட்டடத்தைச் சென்னை எடுத்துக்கொண்டது.

எடுத்துக்கொடுத்தது சினிமா. கிராமத்திலிருந்து நாயகன் பட்டணம் வருகிறான் என்று சொல்ல நம் இயக்குநர்களுக்கு மூன்று காட்சிகள் போதுமாயிருந்தன: சென்ட்ரல் நிலையத்தின் சிவப்புக் கோபுரமும் கடிகாரமும், எல்.ஐ.சி., மெரினா. கையில் தகரப்பெட்டியோ மஞ்சள் பையோ இருக்கும். அண்ணாந்து பார்ப்பான். வண்டிக்காரன் திட்டுவான். 1967இல் வந்த 'அனுபவி ராஜா அனுபவி' படத்தில் நாகேஷ் நகரத்து வீதிகளைப் பார்த்து மலைத்தும் கேலி செய்தும் பாடிக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்கு அந்த அண்ணாந்த பார்வை மறக்காது. தமிழ்நாட்டில் சென்னையை நேரில் பார்க்காத லட்சக்கணக்கானோர் மனத்தில் அந்த நகரம் இப்படித்தான் குடியேறியது. கவனித்துப் பார்த்தால், அந்தக் காட்சிகளில் கட்டடம் தனியாக வருவதேயில்லை. அதன் அடியில் ஊரிலிருந்து வந்து இறங்கிய ஒருவன் நிற்கிறான். அவன் நிற்பதால்தான் அது சென்னை.

ஒரு நகரத்தின் பிம்பத்தைக் கட்டடமும் முழக்கமும் உருவாக்குகின்றன என்று சொல்வது எளிது. அந்தப் பிம்பத்துக்குள் நிற்க யாருக்கு இடம் இருக்கிறது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

நகரப் பிம்பம் என்ற எண்ணத்தை ஆய்வுப்பொருளாக்கியவர் அமெரிக்க நகரத் திட்டமிடல் அறிஞர் கெவின் லிஞ்ச். 1960இல் வெளியான தம் நூலுக்காக பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் நகரவாசிகளிடம் அவர் கேட்டது சிக்கலான கேள்வி ஒன்றுமில்லை. உங்கள் ஊரை ஒரு தாளில் வரைந்து காட்டுங்கள் என்றார். மனிதர்கள் தங்கள் ஊரைப் பாதைகள், விளிம்புகள், வட்டாரங்கள், சந்திகள், அடையாளச் சின்னங்கள் என ஐந்து விதமாக மனத்தில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதில் என்னை மிகவும் பாதித்தது ஜெர்சி சிட்டிக்காரர்கள் சொன்னதுதான். தங்கள் ஊரில் குறிப்பிட்டுச் சொல்ல அவர்களுக்கு அதிகம் இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் தெரியும் நியூயார்க்கின் உயர்ந்த கட்டடங்களையே சொன்னார்கள். தன் வீட்டு வாசலில் நின்றபடி பக்கத்து வீட்டின் முகப்பைத் தன் அடையாளமாகச் சொல்ல நேர்வது சிறிய துயரமல்ல.

அந்தத் துயரத்திலிருந்து ஒரே கட்டடத்தால் மீண்ட ஊர் என்று உலகம் முழுக்கப் பேசப்படுவது ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் நாட்டில் உள்ள பில்பாவோ. இந்தக் கதை பாதிதான் உண்மை. மீதிப் பாதியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பில்பாவோ இரும்பாலும் கப்பலாலும் வாழ்ந்த ஊர். நெர்வியோன் ஆற்றின் இரு கரையிலும் உலைகள், கப்பல் கட்டும் தளங்கள், சரக்குத் துறைகள். 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் ஐரோப்பிய எஃகுத் தொழில் சரிந்தபோது இந்த ஊரும் சரிந்தது. 1983 ஆகஸ்டில் வந்த வெள்ளம் பழைய நகரத்தை மூழ்கடித்தது. எவுஸ்கல்துனா கப்பல் தளத்தை மூடக்கூடாது என்று தொழிலாளர்கள் தெருவில் மாதக்கணக்கில் போராடினார்கள், தளம் மூடப்பட்டது. வேலை தேடும் வயதில் இருந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. ஆறோ சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்து உயிரற்றுக் கிடந்தது.

அந்த ஆற்றங்கரையில், முன்பு சரக்குகள் அடுக்கிக் கிடந்த நிலத்தில், 1997 அக்டோபரில் குகன்ஹைம் அருங்காட்சியகம் திறந்தது. வடிவமைத்தவர் ஃபிராங்க் கெரி. வளைந்து நெளியும் அதன் சுவர்களைக் கணக்கிட விமானம் வடிவமைக்கும் மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். மேலே போர்த்தியிருப்பவை சுமார் 33,000 டைட்டானியத் தகடுகள், ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டருக்கும் மெல்லியவை. மீன் செதிலைப்போல அவை காற்றில் லேசாக அசையும். ஆண்டின் பெரும்பகுதி மேகம் மூடிக் கிடக்கும் அந்த ஊரில் மற்ற உலோகம் மங்கித் தெரியும் வேளையில் டைட்டானியம் பொன்னிறம் காட்டும். கட்டடத்துக்கு ஆன செலவு 10 கோடி டாலரை ஒட்டியது. பெயருக்கும் நிர்வாகத்துக்குமாக நியூயார்க்கின் குகன்ஹைம் அறக்கட்டளைக்கு 2 கோடி டாலர் கொடுத்தது பாஸ்க் அரசு. முதல் ஆண்டில் வந்த பார்வையாளர்கள் சுமார் 13 லட்சம் பேர். பத்திரிகைகள் இதற்கு 'பில்பாவோ விளைவு' என்று பெயர் சூட்டின. உலகெங்கும் மேயர்கள் கெரியைத் தேடி ஓடினார்கள்.

அவர்கள் பார்க்கத் தவறியது ஆற்றை. அதைச் சுத்தம் செய்யும் திட்டம் 1979லேயே தீட்டப்பட்டுவிட்டது. குகன்ஹைம் என்ற பேச்சே அப்போது இல்லை. கழிவுநீர்க் குழாய்களுக்கும் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் பல பத்தாண்டுகளாகக் கொட்டிய பணம் அருங்காட்சியகச் செலவைப்போலப் பல மடங்கு. துறைமுகத்தை நகர நடுவிலிருந்து கடல் முகத்துக்கு மாற்றினார்கள். 1995இல் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த மெட்ரோ ஓடத் தொடங்கியது. அதன் கண்ணாடி நுழைவாயில்களை ஊர்க்காரர்கள் 'ஃபாஸ்டரித்தோ' என்று செல்லமாக அழைக்கிறார்கள். செல்லப்பெயர் வைப்பது, ஒரு பொருளை ஊர் தன்னுடையதாக்கிக் கொண்டதற்கு முதல் அறிகுறி. 1992இல் மத்திய அரசுத் தரப்பும் பாஸ்க் நிர்வாகங்களும் சமபங்காகச் சேர்ந்து ஒரு பொது நிறுவனத்தை அமைத்தன. ரயில்வே, துறைமுகம் போன்றவற்றின் கைவிடப்பட்ட நிலங்களை அதன் பொறுப்பில் விட்டார்கள். நிலத்தைச் சீர்செய்து விற்று வந்த லாபத்தை அது பூங்காவிலும் பாலத்திலும் ரயில் பாதையிலும் போட்டது. டைட்டானியம் மின்னுவதற்கு முன்பே மண்ணுக்கடியில் குழாய் ஓடியது. படத்தில் குழாய் விழாது. அதனால் உலகத்துக்கு அது தெரியவில்லை.

பார்க்காமல் நகலெடுத்தவர்கள் பட்டது கொஞ்சமல்ல. அதே ஸ்பெயினில், சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா நகருக்கு வெளியே ஒரு குன்றின் மேல் கலாசார நகரம் எழுப்பப் பீட்டர் ஐசன்மன் வடிவம் கொடுத்தார். 10 கோடி யூரோ அளவில் தொடங்கிய கணக்கு 30 கோடியைத் தொட்டது. 2013இல் வேலையை நிறுத்தினார்கள். திட்டமிட்ட கட்டடங்களில் இரண்டு எழவே இல்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு இன்னொரு இரும்பு ஊர். வெகுசன இசைக்கு அங்கே எழுப்பிய மையம் 1999 மார்ச்சில் திறந்து அடுத்த ஆண்டே மூடியது. உருளை உருளையாய் நின்ற அந்த எஃகுக் கட்டடம் இன்று மாணவர் சங்கத்துக்குப் பயன்படுகிறது.

பில்பாவோவிலும் எல்லாம் ஒளிரவில்லை. அருங்காட்சியகம் திறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1996இல், ஆற்றின் இடதுகரையில் இருந்த அல்தோஸ் ஓர்னோஸ் எஃகாலையின் கடைசி உலை அணைந்தது. அங்கே வெந்து உழைத்த ஐம்பது வயதுக்காரருக்கு அருங்காட்சியகத்தில் என்ன வேலை இருக்க முடியும்? செஸ்தாவோ என்ற புறநகரில் அந்த உலைகளில் ஒன்றை நினைவுச்சின்னமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கப் போகிறவர்கள் குறைவு. கப்பல் தளம் இருந்த இடத்திலும் பழைய பாரந்தூக்கி ஒன்று சிவப்பு வண்ணத்தில் நிற்கிறது. பெயர் கரோலா. தினமும் ஆற்றைக் கடந்து வேலைக்குப் போன ஓர் அழகான பெண்ணின் பெயர் அது என்றும், அவள் கடக்கும்போதெல்லாம் தளத்தில் கைகள் வேலையை நிறுத்திவிட்டு நின்றன என்றும் சொல்கிறார்கள். எந்த வடிவமைப்பாளரும் சூட்டிவிட முடியாத பெயர் அது. அந்த ஊரில் எனக்கு எது பெரிய சின்னம் என்று கேட்டால், குகன்ஹைமைக் குறைத்துச் சொல்லாமலே, கரோலாவைக் கைகாட்டுவேன்.

கட்டடத்துக்குப் பணமும் ஆண்டுகளும் வேண்டும். முழக்கத்துக்கு ஒரு கிழிந்த காகித உறை போதும். நியூயார்க்கில் அப்படித்தான் நடந்தது.

1975இல் நியூயார்க் மாநகராட்சி திவாலின் விளிம்பில் நின்றது. ஆட்குறைப்பை எதிர்த்த காவலர், தீயணைப்பாளர் சங்கங்கள் அந்த ஜூன் மாதம் சுற்றுலாப் பயணிகளுக்காக ஒரு துண்டுப் பிரசுரம் அச்சிட்டன. அட்டையில் முக்காடிட்ட மண்டையோடு. மேலே, அச்ச நகரத்துக்கு வருக என்ற வரவேற்பு. மாலை ஆறு மணிக்குமேல் தெருவில் நடக்காதீர்கள், பொதுப் போக்குவரத்தில் ஏறாதீர்கள் என்று உள்ளே அறிவுரை. நகரத்தைக் காக்க வேண்டியவர்களே நகரத்துக்கு எழுதிய அந்த வாசகமும் ஒரு முழக்கம்தான். அதுவும் வேலை செய்தது. 1977 ஜூலையில் ஓரிரவு மின்சாரம் அடியோடு போனது, கடைகள் சூறையாடப்பட்டன, உலகத்தின் கண்ணில் அந்தப் பிரசுரம் சொன்னது மெய்யானது.

அதே 1977இல் மாநில வணிகத்துறை ஒரு சுற்றுலா விளம்பரம் கேட்டது. வரைகலைஞர் மில்டன் கிளேசர் டாக்ஸியில் போய்க்கொண்டிருக்கும்போது சட்டைப்பைக்குள் கிடந்த உறை ஒன்றில் சிவப்பு மெழுகுக் குச்சியால் கிறுக்கினார். நான் என்பதற்கு ஓர் எழுத்து, ஒரு சிவப்பு இதயம், ஊர்ப்பெயருக்கு இரண்டு எழுத்து. ஐ லவ் நியூயார்க். அந்த உறைத்துண்டு இன்று அந்நகரின் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிளேசர் அதற்குக் காசு வாங்கவில்லை. தன் ஊருக்குச் செய்வதாக நினைத்துச் செய்தார்.

அந்த வாசகத்தின் பலம் 'நான்' என்பதில் இருக்கிறது. எங்கள் ஊர் அழகானது, எங்கள் ஊர் பெரியது என்று மேடையிலிருந்து ஒலிபெருக்கியில் சொல்லும் வாசகங்களுக்கு நடுவே, இது யார் வாயிலும் ஏறக்கூடியதாக இருந்தது. ஊரைவிட்டுப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒருவன் சட்டையில் அதைக் குத்திக்கொண்டால் அது அவனுடைய சொந்த வாக்குமூலம். 2001 செப்டம்பரில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தபின் கிளேசரே அதைத் திருத்தினார். முன்னைவிட அதிகமாக என்று சேர்த்து, இதயத்தின் ஓரத்தில் ஒரு கருகல் இட்டார். காயத்தையும் ஏற்கும் அளவுக்கு அந்தச் சின்னம் மக்களுடையதாகிவிட்டிருந்தது.

அந்த வாசகம் மறைத்ததையும் சொல்லியாக வேண்டும். விளம்பரம் பிராட்வே நாடக விளக்குகளைக் காட்டிய அதே ஆண்டுகளில் தெற்கு பிராங்ஸில் குடியிருப்புகள் தெருத்தெருவாக எரிந்தன. தீயணைப்பு நிலையங்கள் மூடப்பட்டன. நூற்றாண்டுக்குமேல் இலவசமாக இருந்த நகரப் பல்கலைக்கழகத்தில் 1976இல் கட்டணம் வந்தது. 1980களின் தொடக்கத்தில் மாநகர நிர்வாகம் ஒரு காரியம் செய்தது. நெடுஞ்சாலையில் காரில் போகிறவர்கள் கண்ணில் படும் கைவிடப்பட்ட கட்டடங்களின் ஜன்னல்களில், திரைச்சீலையும் பூந்தொட்டியும் அச்சிட்ட பிளாஸ்டிக் படங்களை ஒட்டியது. உள்ளே ஆள் இல்லை, கூரை இல்லை. வெளியே ரோஜாப்பூ. பக்கத்துத் தெருவில் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் அந்தப் பூவைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். சாலையில் போகிறவனுக்குத்தான் அந்த ஊர் தன் முகத்தைத் துடைத்துக் காட்டியது.

ஆம்ஸ்டர்டாம் இதன் மறுகோடிக்குப் போய்த் திரும்பிய நகரம். 2004இல் அதுவும் 'நான்' என்று தொடங்கும் வாசகத்தை எடுத்தது: ஐ ஆம்ஸ்டர்டாம். ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தின் பின்னே ஆளுயரத்தையும் தாண்டிய எழுத்துகளை நட்டார்கள். சுற்றுலாப் பயணிகள் அதன்மேல் ஏறி அமர்ந்து படம் எடுத்தார்கள்; எடுத்தபடியே இருந்தார்கள். நகரத்தின் நடுவே குடியிருப்பவர்கள் தங்கள் தெருவில் நடக்க முடியாத நிலை வந்தது. நகர மன்றத்தில் இடதுசாரிப் பசுமைக் கட்சி, ஒற்றுமையும் பன்மையும் உள்ள நகரத்துக்கு இந்தத் தன்முனைப்பு வாசகம் ஒவ்வாது என்று தீர்மானம் கொண்டுவந்தது. 2018 டிசம்பரில் எழுத்துகளைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். அந்த 'நான்' வந்து போகிறவர்களுடைய 'நான்' ஆகிவிட்டது. இருப்பவர்கள் அதைத் தங்கள் வாயால் சொல்ல முடியவில்லை.

நம் ஊர்களுக்கு வருவோம். முழக்கம் எழுத நமக்கு விளம்பர நிறுவனம் தேவைப்பட்டதில்லை. மதுரையைத் தூங்கா நகரம் என்றார்கள். நள்ளிரவுக்குப் பின்னும் இட்லித் தட்டிலிருந்து ஆவி பறக்கும். விடியுமுன்பே பூ மூட்டைகள் வந்து இறங்கும். கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். சிவகாசி குட்டி ஜப்பான். கோவை தென்னிந்தியாவின் மான்செஸ்டர், பஞ்சாலை காரணம். இரவல் வாங்கிய பெயர் என்பதால் எனக்கு அதன்மேல் பெரிய பிரியம் இல்லை.

சென்னைக்கு இரண்டு வாசகங்கள். ஒன்று, சிங்காரச் சென்னை. 1996இல் மேயரான மு.க. ஸ்டாலின் முன்வைத்தது. மேம்பாலங்களும் பூங்காக்களும் அந்தப் பெயரில் வந்தன. 2021இல் 2.0 என்ற ஒட்டுடன் திரும்பவும் வந்தது. இன்னொன்று, வந்தாரை வாழவைக்கும் சென்னை. இதை எந்த அலுவலகமும் டெண்டர் விட்டு எழுதி வாங்கவில்லை. ஆட்டோவின் பின்புறத்திலும் பட்டிமன்ற மேடையிலும் அரசியல் கூட்டத்திலும் ஒரே இயல்போடு புழங்குகிறது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இலக்கணம் பாருங்கள். சிங்காரம் என்பது தோற்றம். பார்ப்பவர் கண்ணுக்கு ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. வாழவைக்கும் என்பது செயல், அதுவும் பிறவினை. ஊர் ஒருவருக்கு ஒன்றைச் செய்து தர வேண்டும் என்கிறது. சிங்காரம் குறைந்தால் யாரும் வழக்குப் பேச முடியாது. வாழவைப்பேன் என்று சொல்லிவிட்டு வாழவிடாமல் செய்தால், நீ சொன்ன சொல் என்ன ஆயிற்று என்று கடைசி ஏழையும் கேட்கலாம். சென்னையின் மீது எனக்கு இருக்கும் பற்றெல்லாம் இந்த இரண்டாவது வாசகத்தின் மேல்தான். அந்தச் சொல்லை நம்பித்தான் என் குடும்பம் வந்தது. இன்று வடக்கிலிருந்து பையோடு சென்ட்ரலில் இறங்கும் இளைஞர்களும் தங்கள் மொழியில் அதே நம்பிக்கையோடுதான் இறங்குகிறார்கள்.

இந்த இரண்டு வாசகமும் மோதிக்கொண்ட இடம் கூவம் ஆற்றின் கரை. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது அது ஏற்றுக்கொண்ட முழக்கம், ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்பது. தொடக்க ஆண்டுகளில் வாரியம் குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்புகளைக் கட்டிக் கொடுத்தது. மெரினாவை ஒட்டிய குப்பங்களிலும் நகரின் நடுவிலும் அந்தக் கட்டடங்களைப் பார்க்கலாம். 2000க்குப் பின் போக்கு மாறியது. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், அதற்கும் தெற்கே செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் ஓரத்தில் பெரும் குடியிருப்புகள் எழுந்தன. ஆற்றங்கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை அங்கே கொண்டு போனார்கள். வெள்ளம் வரும் கரையில் குடிசையில் கிடப்பது நல்லது என்று யாரும் சொல்லவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தக் கரைகளில் என்ன நடந்தது என்று நகரமே பார்த்தது. ஆனால் கொண்டு போன இடமும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பூமி. வேலையோ இருபது கிலோமீட்டருக்கு அப்பால்.

பெயரைக் கவனியுங்கள்: கண்ணகி நகர். மெரினாவில் 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி எழுந்த சிலைகளில் கண்ணகியும் ஒன்று. 2001 டிசம்பரில் அதைக் கடற்கரையிலிருந்து அகற்றியபோது மாநிலமே கொதித்தது. 2006இல் மீண்டும் நிறுவினார்கள். அகற்றப்பட்ட சிலைக்காகப் போராட்டம் நடந்த அதே காலத்தில்தான் அவள் பெயர் தாங்கிய குடியிருப்பில் அகற்றப்பட்ட மனிதர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். சிலை ஐந்து ஆண்டுகளுக்குள் தன் பழைய இடத்துக்குத் திரும்பியது.

கண்ணகி நகர் என்ற பெயர் சீக்கிரமே ஒரு வடுவானது. வேலை கேட்டுப் போன இடத்தில் முகவரியைச் சொல்ல இளைஞர்கள் தயங்கினார்கள். துரைப்பாக்கம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். 2020இல் அங்கே ஓர் ஓவியத் திட்டம் வந்தது. மாநகராட்சியின் ஒத்துழைப்போடு, ஒரு கலை அமைப்பு பல ஊர் ஓவியர்களை அழைத்துவந்து, அடுக்குக் கட்டடங்களின் பக்கவாட்டுச் சுவர்களில் தரையிலிருந்து கூரைவரை ஓவியம் தீட்டியது. சென்னையின் முதல் ஓவிய வட்டாரம் என்று செய்தித்தாள்கள் எழுதின. கேமராவோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

பிராங்ஸ் ஜன்னலில் ஒட்டிய பூந்தொட்டியை நினைத்துக்கொண்டு இதை ஒரே வீச்சில் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அங்கே வீட்டுக்குள் ஆள் இல்லை, இங்கே இருக்கிறார்கள். தன் வீட்டுச் சுவரில் பெரிய வண்ண முகம் ஒன்று சிரிப்பதை விருந்தாளிக்குக் காட்டும் பிள்ளைக்கு, அதுவரை அந்த ஊரில் காட்ட என்ன இருந்தது? பெருமை ஒரு தேவை. சோற்றுக்கு அடுத்தபடியான தேவை. பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' 2014இல் வந்தபோது இதைத்தான் நம் முன் வைத்தது. அந்தப் படத்தின் மெட்ராஸ், வடசென்னைக் குடியிருப்பின் நடுவே நிற்கும் ஒரு சுவர். அதில் யார் முகம் இருக்கலாம் என்பதற்காக உயிர்கள் போகின்றன. சுவர் வெறும் செங்கல் என்று நினைப்பவருக்கு அந்தக் கதை விளங்காது. ஆனால் ஓவியத்துக்குப் பின்னால் இருக்கும் வீடு ஓர் அறையும் சமையல் மூலையுமாகவே இருக்கிறது. தண்ணீருக்கான குடவரிசையும் பேருந்துக்கான காத்திருப்பும் சுவருக்கு வண்ணம் அடித்ததால் குறையவில்லை. பில்பாவோவில் குழாய் முதலில் வந்தது, தகடு பிறகு வந்தது. இங்கே வரிசை மாறிவிட்டது.

சென்ட்ரலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் கூவக் கரையில் சத்தியவாணி முத்து நகர் இருந்தது. அங்கே நின்று நிமிர்ந்தால் 1873ஆம் ஆண்டிலிருந்து அந்த இடத்தில் இருக்கும் நிலையத்தின் கோபுரம் தெரியும். சினிமாவில் நாயகன் வந்து இறங்கியது அங்கே குடியிருந்தவர்கள் வாசலில்தான் என்று சொல்லலாம். பூ விற்றார்கள், சுமை தூக்கினார்கள், மீன்பாடி வண்டி ஓட்டினார்கள், சுற்றியுள்ள வீடுகளில் பாத்திரம் தேய்த்தார்கள். 2019 கடைசியில் அங்கிருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள்.

சில மாதங்களுக்கு முன் பெரும்பாக்கத்திலிருந்து புறப்பட்ட அதிகாலைப் பேருந்தில் வந்தேன். இன்னும் இருட்டு. பேருந்து முழுக்கப் பெண்கள். மடியில் எவர்சில்வர் தூக்கு, பாதிப் பேர் தூக்கத்தில். பக்கத்தில் அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா, வயர்கூடையைக் காலுக்கிடையில் இடுக்கி உட்கார்ந்திருந்தார். கூடையில் ஈரத்துணி போர்த்திய பூப்பந்து. வழியெல்லாம் கண்ணை மூடியிருந்தவர், எல்.ஐ.சி. கடந்ததும் விழித்துக்கொண்டு சேலையைச் சரிசெய்தார்.

"எந்த ஊரும்மா நீங்க?" என்று கேட்டேன்.

"சென்ட்ரல்தாம்ப்பா" என்றார். பிறகு கூடையை இடுப்பில் ஏற்றியபடி, "இப்ப பெரும்பாக்கத்துல போட்டிருக்காங்க."

நடத்துநர் சென்ட்ரல் என்று குரல் கொடுத்தார். கோபுரத்துக் கடிகாரத்தில் மணி ஆறு ஆகவில்லை. அம்மா முதல் ஆளாக இறங்கிப் போனார்.